சங்கிலியார் தொடுத்த மாலை

அயர்லாந்தில் முன்வசந்தத் திருநாள் பிப்ரவரி 1. பழைய பெயர் இம்போல்க். அதற்கு முந்தைய மாலை, பிரிகித்தின் பெயரால் கோரைப்புல்லைச் சிலுவையாகப் பின்னி வீட்டில் மாட்டுவது அங்குள்ள வழக்கம். விழா ஊருக்குரியது, பின்னும் கை தனியொருவருக்குரியது.

நம் திருவொற்றியூரிலும் அப்படியொரு கை உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியார், பெற்றோரின் மணப்பேச்சுக்கு இசையாமல் ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுத்து வந்தார். மாலை கொடுக்க வந்தவரைத்தான் சுந்தரர் கண்டார். பின்னர் மகிழ மரத்தடியில், 'பிரியேன்' என்று சூளுரைத்து மணந்தார். தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் இந்த மகிழடி சேவை ஆண்டுதோறும் நிகழ்கிறது.

ஆனால் அந்தச் சூளுறவைக் குலைத்ததும் வசந்தமே. தென்றல் வீசியது, ஆரூரின் வசந்த விழாவும் பரவையாரும் சுந்தரர் நினைவில் எழுந்தனர். ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் அவர் கண்ணொளி மறைந்தது. பின்னாளில் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் ஒளி பெற்றன. அவர் சென்றபின் சங்கிலியார் எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்திருப்பார்?

சூளுறவுக்கு முன்பே அவரிடம் இருந்தது பூத்தொடுக்கும் அந்த வழிபாடு. அதற்கு எவரது வாக்குறுதியும் தேவைப்படவில்லை. கன்டெய்னர் லாரிகள் இரையும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில், மாசி மாலைகளில் திண்ணையிலமர்ந்து பூத்தொடுக்கும் பெண்களைக் காணும்போது, ஊர்விழா நினைவுகூர்வது ஒரு மணத்தை, இவர்கள் தொடர்வதோ அதற்கும் மூத்த ஒன்றை என்றே எனக்குத் தோன்றுகிறது.