இறங்கலாம்... ஆனால் வெளியே போக முடியாது! ஊழியர்களுக்கு மட்டுமே வாசல் திறக்கும் ரயில் நிலையம்: பின்னணி என்ன?

ரயில் நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்குகிறீர்கள். பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் தண்டவாளம், இன்னொரு பக்கம் கடல் நீர். வெளியே போக இருப்பது ஒரே ஒரு வழி. அந்த வழியில் செக்யூரிட்டி நிற்கிறார். கையில் கம்பெனி அடையாள அட்டை இருந்தால் உள்ளே போகலாம். இல்லையென்றால் அடுத்த ரயில் வரும் வரை காத்திருந்து, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சினிமா காட்சி மாதிரி இருக்கா? ஜப்பானில் தினமும் ரயில் ஓடும் ஒரு புறநகர் நிலையத்தின் நிலைமை இது. பெயர் உமி-ஷிபாவுரா. பொது ரயில்தான், டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் வாசல் மட்டும் ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம்.

இப்படி ஒரு நிலையம் ஏன் கட்டப்பட்டது? இதே மாதிரி வேறு எங்கெல்லாம் இருக்கு? வாசலை வைத்திருக்கும் நிறுவனமே மூடப்பட்டால் அந்த ரயில் நிலையம் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கு இந்த நிலையம்?

டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் துறைமுக நகரம் யோகோஹாமா. அங்குள்ள ட்சுருமி நிலையத்தில் இருந்து கடலோரத் தொழிற்சாலைப் பகுதிக்கு ஒரு சின்ன ரயில் பாதை போகிறது. அதுதான் ட்சுருமி லைன். ஜே.ஆர். ஈஸ்ட் நிறுவனம் இதை இயக்குகிறது. வழியில் அசானோ என்ற நிலையத்தில் இருந்து ஒரு கிளைப் பாதை பிரிகிறது. அந்தக் கிளையின் கடைசி நிலையம்தான் உமி-ஷிபாவுரா. ட்சுருமியில் இருந்து மொத்தமே 4.7 கிலோமீட்டர்.

நிலையம் ரொம்பச் சின்னது. ஒரே ஒரு பிளாட்பாரம். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நேராகக் கீழே கெய்ஹின் கால்வாயின் தண்ணீர். ரயில்வே ஊழியர் யாரும் அங்கே இல்லை. நம்ம ஊர் மெட்ரோ கார்டு போல அங்கே புழங்கும் சுய்கா கார்டைத் தட்டிவிட்டுப் போக ஒரு கருவி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கருவியைத் தாண்டினால் எதிரே இருப்பது தோஷிபா குழுமத்தின் ஆலை நுழைவாயில். மின் நிலையங்களுக்கான டர்பைன், ஜெனரேட்டர் போன்ற பெரிய இயந்திரங்கள் தயாராகும் இடம் அது. ரோட்டுக்குப் போக வேண்டும் என்றால் அந்த ஆலை வளாகத்தைக் கடந்துதான் போகணும். வளாகத்துக்குள் ஊழியர்களுக்கும், அனுமதி வாங்கிய விருந்தினர்களுக்கும் மட்டுமே இடம்.

பெயரிலேயே இருக்கும் கம்பெனி

ஜப்பானிய மொழியில் 'உமி' என்றால் கடல். 'ஷிபாவுரா' என்பது ஊர்ப் பெயர் மாதிரி தெரிந்தாலும், இங்கே அது நிறுவனத்தின் பெயரில் இருந்து வந்தது. ஷிபாவுரா என்ற இயந்திர நிறுவனமும், டோக்கியோ எலக்ட்ரிக் என்ற நிறுவனமும் 1939-ல் ஒன்றாக இணைந்தன. புதிய நிறுவனத்தின் ஜப்பானியப் பெயரில் இருந்த 'தோ', 'ஷிபா' என்ற இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் கிடைப்பதுதான் 'தோஷிபா'. அடுத்த வருஷமே, அதாவது 1940-ல், இந்த நிலையம் திறக்கப்பட்டது. ஆக, கம்பெனிக்கும் நிலையத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

ஏன் இப்படிக் கட்டினார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் அந்த நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. இந்தக் கடலோரப் பகுதி இயற்கையான நிலம் கிடையாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசானோ சோய்ச்சிரோ என்ற தொழிலதிபரின் முயற்சியில் கடலைத் தூர்த்து உருவாக்கியது. கிளைப் பாதை பிரியும் அசானோ நிலையத்துக்கு இவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

தூர்த்த நிலத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. சரக்கு ஏற்றி இறக்க 1926-ல் ஒரு தனியார் ரயில் பாதை தொடங்கியது. பிறகு 1930-ல் பயணிகள் ரயிலும் ஓட ஆரம்பித்தது. போர்க்காலத்தில், 1943-ல், அரசு இந்தப் பாதையை எடுத்துக்கொண்டது. 1987-ல் ஜப்பான் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது ஜே.ஆர். ஈஸ்ட் கைக்கு வந்தது.

அதாவது ஊர் இருந்து ரயில் வந்த கதை இல்லை இது. தொழிற்சாலை இருந்ததால் ரயில் வந்தது. ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கணும். ஷிப்ட் முடிந்ததும் ஒரே நேரத்தில் கிளம்பணும். அவர்களை நேராக ஆலை வாசலிலேயே இறக்கிவிட்டால் வேலை சுலபம். வேறு யாரும் அங்கே இறங்குவார்கள் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அதனால் பொது வாசலுக்கான தேவையும் எழவில்லை.

ஊழியர் இல்லாதவர் போனால் என்ன ஆகும்?

பல வருஷங்களாக நிலைமை இதுதான்: வந்தவர் பிளாட்பாரத்திலேயே நின்று, அடுத்த ரயிலில் திரும்ப வேண்டும். ஆனால் கடலை ஒட்டிய பிளாட்பாரம் என்பதால் வேடிக்கை பார்க்க வருபவர்கள் குறையவில்லை. ரயில் ரசிகர்கள், புகைப்படக்காரர்கள், மாலை நேரக் காதல் ஜோடிகள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இதைப் பார்த்து தோஷிபா 1995-ல் ஒரு வேலை செய்தது. தன்னுடைய இடத்திலேயே, ஆலை நுழைவாயிலுக்கு முன்பாக, தண்ணீர் ஓரம் ஒரு நீளமான சின்னப் பூங்காவை அமைத்தது. பெயர் உமிஷிபா பூங்கா. நிலையத்தில் இறங்குபவர்கள் கார்டைத் தட்டிவிட்டு இந்தப் பூங்காவில் உட்காரலாம். எதிரே ட்சுருமி சுபாசா பாலம் தெரியும். திரும்பும்போது மறுபடியும் கார்டைத் தட்டிவிட்டு ரயில் ஏறணும்.

கவனிக்க வேண்டிய விஷயம்: இந்தப் பூங்காவில் இருந்தும் ரோட்டுக்கு வழி கிடையாது. வெளியே வந்த மாதிரி இருக்கும், ஆனால் வெளியே வரவில்லை! வேலை நேரம் தவிர மற்ற நேரங்களில் ரயில்கள் குறைவு என்பதால், போகிறவர்கள் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

வேறு எங்கெல்லாம் இப்படி இருக்கு?

லிம்ப்ஸ்டோன் கமாண்டோ, இங்கிலாந்து: டெவன் பகுதியில், எக்ஸெட்டரில் இருந்து எக்ஸ்மவுத் போகும் புறநகர்ப் பாதையில் 1976-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ராயல் மரீன்ஸ் கமாண்டோ பயிற்சி முகாம். முகாமில் வேலை இருப்பவர்கள் மட்டுமே இங்கே இறங்க வேண்டும் என்ற அறிவிப்புப் பலகையால் இந்த நிலையம் பிரபலம்.

வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன்: இது பொதுமக்கள் நிரம்பி வழியும் சுரங்க ரயில் நிலையம். ஆனால் இதற்கு நேர் மேலே நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடமான போர்ட்கல்லிஸ் ஹவுஸ் இருக்கிறது. நிலையத்தில் இருந்து நாடாளுமன்ற வளாகத்துக்குள் போக, பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனி வழி உண்டு. பக்கத்தில் நடந்து போகும் பயணிகளில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

பென்டகன், அமெரிக்கா: ராணுவத் தலைமையகத்தின் அருகே 1977-ல் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் நிலையத்தில் இருந்து நேராகக் கட்டடத்துக்குள்ளேயே போகும் வழி இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த நேரடி வழி இல்லை. இப்போது ஊழியர்களும் வெளியே வந்து, தனிப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். மெட்ரோ நிலையம் மட்டும் வழக்கம்போல எல்லோருக்கும் இயங்குகிறது.

இந்தப் பட்டியலில் இரண்டு வகை இருப்பதைப் பார்க்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர், பென்டகன் நிலையங்களில் பொது வாசலும் உண்டு, ஊழியர் வாசல் கூடுதல் வசதி. ஒன்றை மூடினாலும் நிலையத்துக்கு ஆபத்து இல்லை. உமி-ஷிபாவுரா அப்படி இல்லை. அங்கே ஊழியர் வாசல்தான் ஒரே வாசல்.

கம்பெனி மூடினால் ஸ்டேஷன் என்ன ஆகும்?

இதற்குப் பிரிட்டனில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ரெண்டுமே 1978-ல் திறக்கப்பட்டவை.

முதலாவது, ஸ்காட்லாந்தின் கிரீனாக் அருகே கட்டப்பட்ட 'ஐ.பி.எம்.' நிலையம். ஆமாம், நிலையத்தின் பெயரே ஐ.பி.எம்.தான்! கம்ப்யூட்டர் ஆலைக்கு வரும் ஊழியர்களுக்காகக் கட்டியது. காலப்போக்கில் அங்கே உற்பத்தி நின்றது, வளாகம் காலியானது. இறங்குவதற்கு ஆள் இல்லாத நிலையத்தில் சமூக விரோதச் செயல்கள் பிரச்சனையாக மாறின. 2018 டிசம்பரில் இருந்து அங்கே ரயில்கள் நிற்பதில்லை.

இரண்டாவது, வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள ரெட்கார் பிரிட்டிஷ் ஸ்டீல் நிலையம். இரும்பு ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட இந்த நிலையத்துக்கும் வழி ஆலையின் தனியார் நிலம் வழியாகத்தான். 2015-ல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது. நிலையத்தில் மட்டும் ஒருசில ரயில்கள் தொடர்ந்து நின்றுகொண்டிருந்தன. 2017-18 நிதியாண்டு முழுவதும் அங்கே ஏறியவர்கள், இறங்கியவர்கள் சேர்த்து வெறும் 40 பேர் என மதிப்பிடப்பட்டது. 2019 டிசம்பரில் அந்தச் சேவையும் நின்றது.

பிளாட்பாரம் அப்படியே இருந்தது, தண்டவாளமும் அப்படியே இருந்தது, பக்கத்திலேயே ரயில்களும் ஓடின. ஆனால் வாசலைத் திறப்பவர் போய்விட்டதால் நிலையமும் போய்விட்டது. மற்ற நிலையங்களைச் சுற்றிக் காலப்போக்கில் டீக்கடை, வீடு, பள்ளிக்கூடம் என்று ஒரு ஊரே உருவாகும். ஒரு ஆலை போனாலும் அந்த ஊர் நிலையத்தைத் தாங்கும். ஒற்றைக் கதவை நம்பிய நிலையத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை.

தோஷிபாவும் சிக்கல் இல்லாத நிறுவனம் கிடையாது. 2015-ல் கணக்கு மோசடி விவகாரம் வெடித்தது. அடுத்தடுத்த நெருக்கடிகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் டோக்கியோ பங்குச் சந்தைப் பட்டியலில் இருந்தே அந்த நிறுவனம் வெளியேறியது. ஆலை இயங்குகிறது, ரயிலும் ஓடுகிறது. ஆனாலும் ரெட்காருக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

நம்ம ஊரில் எப்படி?

சென்னை சென்ட்ரலில் இருந்து ஆவடி, அரக்கோணம் பக்கம் போகிறவர்களுக்கு 'பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்', 'பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்' என்ற இரண்டு நிலையங்கள் தெரிந்திருக்கும். இரண்டுமே ரயில்வே பணிமனைகளின் பெயரைச் சுமப்பவை. அதே வழித்தடத்தில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று போர்டு போட்ட லோக்கல் ரயில்களையும் பார்த்திருப்பீங்க. பெயரைக் கேட்டால் ஊழியர்களுக்கு மட்டுமான இடம் மாதிரி இருக்கும். ஆனால் பெரம்பூரின் அந்த இரண்டு நிலையங்களிலும் யார் வேண்டுமானாலும் இறங்கி ரோட்டுக்கு வரலாம். அவற்றைச் சுற்றி ஊர் இருக்கிறது. உமி-ஷிபாவுராவுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மற்றபடி எல்லா நிலையங்களிலும் பொதுமக்களுக்கு இல்லாத வழிகள் உண்டு. பார்சல் அலுவலக கேட், சிக்னல் அறைக்குப் போகும் பாதை, ஓட்டுநரும் கார்டும் பணிக்குக் கையெழுத்துப் போடும் அறையின் வாசல், தண்டவாளப் பராமரிப்பு ஊழியர்கள் நடக்கும் ஓரப் பாதை என்று பல. பீக் ஹவரில் படிக்கட்டில் கூட்டம் நெரியும்போது, "அந்தப் பக்கமா போனா சீக்கிரம் போயிடலாம்" என்று யாராவது சொல்வதும் வழக்கம்தான்.

ஆனால் அது வெறும் குறுக்கு வழி இல்லை, குற்றம். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி, உரிய அனுமதி இல்லாமல் ரயில்வே பகுதிக்குள் நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சட்டத்தைவிட முக்கியமான விஷயம் உயிர். ஊழியர் அந்தப் பாதையில் நடக்கும்போது எந்தத் தண்டவாளத்தில் எந்தத் திசையில் ரயில் வரும் என்பது அவருக்குத் தெரியும், அதற்கான பயிற்சியும் இருக்கும். பயணிக்கு அது தெரியாது. ஒரு தண்டவாளத்தில் போகும் ரயிலின் சத்தத்தில், பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயில் காதில் விழாமல் போகலாம். இரண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்க எடுக்கும் ரிஸ்க் அது.

சுருக்கமாகச் சொன்னால்...

* உமி-ஷிபாவுரா பொது ரயில் நிலையம். ஆனால் அதன் ஒரே வாசல் ஆலை வளாகத்துக்குள் திறக்கிறது.
* தூர்த்த நிலத்தில் தொழிற்சாலைக்காகவே ரயில் பாதை வந்ததுதான் காரணம்.
* மற்றவர்களுக்காக 1995-ல் பூங்கா வந்தது. ஆனால் ரோட்டுக்கு இன்னும் வழி இல்லை.
* ஒரே நிறுவனத்தின் வாசலை நம்பிய ஐ.பி.எம்., ரெட்கார் நிலையங்களில் இப்போது ரயில்கள் நிற்பதில்லை.
* நம்ம ஊரில் ஊழியர் வழியில் அனுமதியின்றி நுழைந்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

புதிதாக ஒரு தொழிற்பேட்டைக்கோ, ஐ.டி. வளாகத்துக்கோ ரயில் நிலையம் வருகிறது என்ற செய்தி வந்தால், எத்தனை ரயில் நிற்கும் என்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: அதன் வாசல் எந்தப் பக்கம் திறக்கும், ரோட்டுப் பக்கமா, கம்பெனி பக்கமா?