தரையிலிருந்து வானத்தை 'ஸ்கேன்' செய்யும் லேசர்... மின்னலையும் வழிநடத்தியது எப்படி?

தலைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் ஈரப்பதம் எவ்வளவு? அங்கே என்னென்ன வாயு கலந்திருக்கு? இதைத் தெரிஞ்சுக்க வழக்கமாக பலூனிலோ விமானத்திலோ கருவியை அனுப்புவார்கள். கருவி போன பாதையில், போன நேரத்தில் இருந்த நிலவரம் மட்டும்தான் கிடைக்கும். தரையில் இருந்தபடியே வானத்தை அளக்க உதவுவது லேசர். அதிலும் கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு வேகமாக மின்னி மறையும் லேசர் தனி ரகம்.

சாதாரண லேசர் போதாதா?

லேசர் ஒளியை மேலே அனுப்பி, காற்றிலும் தூசியிலும் பட்டுத் திரும்புவதைத் தொலைநோக்கியில் பிடிக்கும் முறைக்கு 'லிடார்' என்று பெயர். ஒளி திரும்ப எடுத்துக்கொண்ட நேரம், உயரத்தைச் சொல்லும். எந்த நிறம் குறைந்து வருகிறதோ, அது வாயுவைக் காட்டிக்கொடுக்கும். சிக்கல் என்னன்னா, சாதாரண லேசரில் ஒரே நிறம்தான். எந்த வாயுவைத் தேடுகிறோம் என்று முன்பே முடிவு செய்து, அதற்கேற்ற நிறத்தை அனுப்பணும். எதிர்பாராத வாயு இருந்தால் தெரியாமலே போய்விடும்.

ஃபெம்டோ நொடின்னா எவ்வளவு?

ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு. 100 ஃபெம்டோ நொடியில் ஒளியால்கூட ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்ட முடியாது. இவ்வளவு குறுகிய துடிப்புகளுக்குப் பெரும் சக்தி தரும் வழியை 1985-ல் கண்டறிந்தவர்கள் டோனா ஸ்டிரிக்லாண்ட், ஜெரார் மூரு. இதற்காக 2018-ல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காற்றுக்குள் என்ன நடக்கும்?

ஒளி ரொம்பத் தீவிரமானால், காற்றே லென்ஸ் மாதிரி மாறி அதைக் குவிக்கும். குவியக் குவிய, காற்று மூலக்கூறுகளில் இருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து பிளாஸ்மா உருவாகும். அது ஒளியை விரிக்கப் பார்க்கும். குவிப்பதும் விரிப்பதும் சமமாகும்போது, சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் நீளமான ஒளி இழை உருவாகிறது. அதற்குள் ஒரே நிறமாகப் புறப்பட்ட லேசர், பல நிறங்கள் கலந்த வெள்ளை ஒளியாக மாறிவிடுகிறது. வானத்திலேயே ஒரு வெள்ளை விளக்கு!

கண்டெய்னருக்குள் ஆய்வுக்கூடம்

பிரான்ஸ்-ஜெர்மனி கூட்டு முயற்சியான 'டெராமொபைல்', இந்த லேசரை 20 அடி கண்டெய்னருக்குள் அடக்கியது. ஒரு துடிப்பின் உச்ச சக்தி சுமார் 5 லட்சம் கோடி வாட். ஆனால் நொடிக்கு 10 துடிப்புதான் என்பதால், சராசரி சக்தி ஒரு சின்ன எல்.இ.டி பல்பு அளவுதான்!

ஜெர்மனியின் டௌடன்பர்க் வானாய்வகத்தில் இதைச் சோதித்தபோது, 20 கி.மீ.க்கு மேல் உயரத்திலிருந்தும் வெள்ளை ஒளி திரும்பி வந்தது. அதில் நீராவியும் ஆக்சிஜனும் விழுங்கிய நிறங்களின் தடம் ஒரே நேரத்தில் பதிவானது. இந்த முடிவுகள் 2003-ல் வெளியாகின.

மின்னலும் சொன்னபடி கேட்குமா?

இழை போன பாதையில் காற்றின் அடர்த்தி குறையும். மின்சாரம் பாய அது சுலபமான வழி. 2004-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த முயற்சியில் மேகத்துக்குள் மின் அசைவுகள் பதிவாயின, மின்னல் இறங்கவில்லை.

2021-ல் சுவிட்சர்லாந்தின் 2,502 மீட்டர் உயர சாண்டிஸ் மலையில் மீண்டும் முயன்றார்கள். அங்குள்ள 124 மீட்டர் கோபுரத்தை ஆண்டுக்குச் சுமார் 100 முறை மின்னல் தாக்குகிறது. அதன் பக்கத்திலிருந்து நொடிக்கு சுமார் 1,000 துடிப்புகளை மேலே செலுத்தினார்கள். இந்த லேசரின் துடிப்பு ஃபெம்டோ நொடியைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் ஒரு பிக்கோ நொடி. நான்கு மின்னல்கள் லேசர் பாதையைப் பின்பற்றின. ஜூலை 24 அன்று, சுமார் 50 மீட்டர் தூரத்துக்கு அப்படிப் போன ஒரு மின்னல் அதிவேக கேமராவில் பதிவானது.

நம்ம கட்டிடங்களுக்கு எப்போ வரும்?

உடனே வராது. சாண்டிஸில் பயன்படுத்திய லேசரின் எடை மட்டும் 3 டன்னுக்கு மேல். அது இயங்கும்போது விமானங்கள் வராதபடி வான்வெளியை மூட வேண்டியிருந்தது. இடிதாங்கிக் கம்பி பாதுகாக்கும் வட்டம் ஏறக்குறைய அதன் உயரம் அளவுதான். அதனால்தான் பரந்த விமான நிலையங்களுக்கும் ராக்கெட் ஏவுதளங்களுக்கும் இந்த லேசர் கைகொடுக்குமா என்று விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள். அதுவரை, இடி இடிக்கும்போது வெட்டவெளியில் நிற்காமல் கட்டிடத்துக்குள் போவதுதான் பாதுகாப்பு.