பீமா கோரேகான் வழக்கு: ரகசிய ஆவணங்களும் விசாரணைக் கைதிகளின் சிறைவாசமும்

மும்பை: பீமா கோரேகான் வழக்கில் கைதான பாதிரியார் ஸ்டேன் சுவாமி, விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5 அன்று மும்பை பாந்த்ராவில் உள்ள மருத்துவமனையில் காலமானார். அவரது ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோதுதான் இத்தகவல் நீதிபதிகளிடம் தெரிவிக்கப்பட்டது. திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 84.

புனேயில் 2017 டிசம்பர் 31-ல் நடந்த எல்கர் பரிஷத் கூட்டத்துக்கு மறுநாள், பீமா கோரேகானில் வன்முறை வெடித்தது. மாவோயிஸ்டு சதி என்ற குற்றச்சாட்டில் 16 பேர் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் (உபா) கீழ் கைதாகினர். புனே போலீசாரிடமிருந்து தேசிய புலனாய்வு முகமை (என்ஐஏ) 2020 ஜனவரியில் வழக்கை ஏற்றது. அதன் பின்னர் வழக்கு மும்பை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் குற்றச்சாட்டை மறுக்கின்றனர்.

உபா சட்டத்தின் 43டி(5) பிரிவுதான் இங்கு முக்கியமானது. குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை எனக் கருத முகாந்திரம் இருந்தால் ஜாமீன் கிடையாது. அந்த முடிவுக்கு வர, குற்றப்பத்திரிகையை மட்டுமின்றி வழக்கு நாட்குறிப்பையும் நீதிபதி பார்க்கலாம். நாட்குறிப்பைக் கேட்டுப் பெறும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை. பார்க்காத ஆவணத்துக்கு அவர் எப்படி மறுப்புச் சொல்வது? இதே சட்டத்தின் 44-வது பிரிவு, சாட்சிகளின் அடையாளத்தை மறைக்கவும் மூடிய அறையில் விசாரணை நடத்தவும் அனுமதிக்கிறது. சாட்சிகளின் பாதுகாப்பு கருதிய ஏற்பாடு இது.

ஆனால் இவ்வழக்கில் ரகசியம் இரு தரப்புக்கும் சமமாக இருக்கவில்லை. கைதானவர்கள் எழுதியதாகக் கூறப்பட்ட கடிதங்களை 2018 ஆகஸ்ட் 31-ல் போலீசார் செய்தியாளர்கள் முன் வாசித்துக் காட்டினர். உச்ச நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இதைக் கண்டித்தார். பறிமுதல் செய்யப்பட்ட மின்னணுச் சாதனங்களின் நகல்களுக்காகவோ பிரதிவாதிகள் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது.

மூடி முத்திரையிட்ட உறையில் ஆவணம் தரும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் பிற வழக்குகளில் விமர்சித்துள்ளது. ஐஎன்எக்ஸ் மீடியா வழக்கில் ப.சிதம்பரத்துக்கு 2019 டிசம்பரில் ஜாமீன் வழங்கியபோதும், மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரலிலும் இக்கருத்து வெளிப்பட்டது.

ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபர் 8-ல் ராஞ்சியில் கைதானார். அவரை என்ஐஏ தன் காவலில் எடுத்து விசாரிக்கக்கூட இல்லை. மறுநாளே நவி மும்பையின் தளோஜா சிறைக்கு அனுப்பப்பட்டார். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழலும் அதற்கான குவளையும் கேட்டு நவம்பர் 6-ல் மனு செய்தார். பதிலளிக்க என்ஐஏ 20 நாள் அவகாசம் கோரியது. அவற்றைத் தாங்கள் எடுக்கவில்லை என்பதே நவம்பர் 26-ல் வந்த பதில்.

அடுத்த ஆண்டு மே 21-ல் காணொலி மூலம் ஆஜரான அவர், சிறைக்கு வந்தபோது தாமாக நடக்கவும் உண்ணவும் முடிந்ததாகவும், பின்னர் அவை ஒவ்வொன்றாகக் கைவிட்டதாகவும் நீதிபதிகளிடம் கூறினார். மருத்துவமனை வேண்டாம், இடைக்கால ஜாமீன் தந்தால் ராஞ்சியில் தம் மக்களுடன் இருப்பேன் என்பதே அவரது கோரிக்கை. மே 28-ல் உயர் நீதிமன்றம் அவரைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவிட்டது.

இதே சிறையில் இருந்த கவுதம் நவ்லகாவின் மூக்குக் கண்ணாடி தொலைந்தபோது, குடும்பத்தினர் அனுப்பிய மாற்றுக் கண்ணாடியைச் சிறை நிர்வாகம் ஏற்கவில்லை. மனிதாபிமானமே முதன்மையானது என உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் கண்டித்தது. தெலுங்குக் கவிஞர் வரவர ராவுக்கு 2021 பிப்ரவரியில் உடல்நிலை கருதி ஆறு மாத ஜாமீன் கிடைத்தது.

விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் உபா வழக்கிலும் ஜாமீன் வழங்கலாம் என கே.ஏ.நஜீப் வழக்கில் 2021 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரோனா வில்சன், சுதிர் தாவ்லே ஆகியோருக்கு உயர் நீதிமன்றம் 2025 ஜனவரி 8-ல் ஜாமீன் வழங்கியபோது, அவர்கள் சிறை சென்று ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன. 300-க்கும் மேற்பட்ட சாட்சிகள் கொண்ட அந்த வழக்கில், அன்றுவரை குற்றச்சாட்டுகள் முறைப்படி பதிவு செய்யப்படவில்லை.