கடற்பசுவும் அதன் மேய்ச்சல் நிலமும்

உண்ணும் உயிருக்கும் உண்ணப்படும் உயிருக்கும் இடையே நிலவும் ஒழுங்கைக் கூர்ந்து நோக்கிய முன்னோருள் பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் குறிப்பிடத்தக்கவர். ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868–869) மறைந்த அவரது ‘கிதாபுல் ஹயவான்’ உயிரினங்களைப் படைத்தவனின் சான்றுகளாகக் கண்டு பேசுவது. அந்நோக்கில் ஆராயத்தக்க உறவொன்று நம் இராமநாதபுரக் கடலடியிலும் உண்டு. அது கடற்புல்லுக்கும் கடற்பசுவுக்கும் இடையிலான உறவு.

கடற்புல் என்பது கடற்பாசி அன்று. பாசிக்கு உண்மையான வேரோ பூவோ இல்லை. கடற்புல்லோ மணலில் வேரும் கிழங்குத்தண்டும் ஊன்றி, நீருக்கடியிலேயே பூத்து, விதை ஈனும் தாவரம். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியும், கதிரொளி அடிவரை புகும் பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரிலும் அது பரந்த புல்வெளியாகப் படர்ந்துள்ளது.

அப்புல்வெளியில் மேய்வதே கடற்பசு. நம் மீனவர் அதனை ஆவுளியா என்பர். அரபியர் அதூம் என்பர். பாலூட்டியாகிய அது நாளொன்றுக்கு 40 கிலோ வரை புல் உண்ணும். இலையை மட்டும் கடிக்காமல் மூக்கினால் மணலைக் கிளறி, தண்டோடும் வேரோடும் உண்பதால், சென்ற வழியெல்லாம் உழுசால் போன்ற தடங்கள் விழுகின்றன.

இது புல்லுக்கு அழிவல்லவா எனக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் ஆராய்ந்த அந்தோனி பிரீன் 1995இல் வேறொன்றைக் காட்டினார். மேய்ந்த தடங்களில் விரைந்து வளர்வது இளம்புல்லே. நாரும் முதிர்ச்சியும் குறைந்த அதனையே கடற்பசு விரும்புகிறது. மந்தையாக மீண்டும் மீண்டும் மேய்வதால் தனக்கு உகந்த புல்வெளியை அதுவே பேணிக்கொள்கிறது. அதன் சாணத்தில் முளைக்கும் திறன் கெடாத புல்விதைகள் இருப்பதைப் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கரையோர ஆய்வு 2017இல் உறுதி செய்தது. உண்பதும் விதைப்பதும் ஓருயிரின் செயலாகவே அமைந்துள்ளன.

இவ்வுறவினிடையே மனிதன் புகுந்த வரலாற்றில் நம் சமுதாயத்திற்கும் பங்குண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் ஆகிய ஊர்களின் கரையோரத்தில் ஆவுளியா வலையிற் பிடிக்கப்பட்டு, இறைச்சி உணவாகவும் கொழுப்பு மருந்தாகவும் பயன்பட்டது. கரையோர முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிர்கள் சில விலக்குகளோடு ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபிலோ மீன் மட்டுமே. முன்னோர் உண்டதில் மார்க்கத் தடை ஏதுமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கடற்பசு பல ஆண்டு இடைவெளியில் ஒரே ஒரு கன்று ஈனுவது. சினைக்காலமே ஓராண்டுக்கு மேல். வேட்டையின் வேகத்துக்கு அதன் பெருக்கம் ஈடுகொடுக்கவில்லை. பின்னர் வந்த இழுவை மடி கடலடியையே சுரண்டியது. கடற்பசுவின் தடத்திற்கு இருபுறமும் உயிருள்ள தண்டுகள் எஞ்சி நிற்பதால் புல் மீள்கிறது. மடி மீண்டும் மீண்டும் அரித்த இடத்தில் மீள்வதற்கு வேர் எஞ்சுவதில்லை. வடபசிபிக்கில் 1741இல் அறிவியலுலகம் கண்ட ஸ்டெல்லர் கடற்பசு 27 ஆண்டுகளுக்குள், 1768 அளவில், வேட்டையால் அற்றுப்போனதை இங்கு நினைவுகூர வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் அட்டவணையில் சேர்த்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022 செப்டம்பரில் இராமநாதபுரத்திற்கு வடக்கே, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. எனினும் இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறே என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

ஆகுமானது என்பது உண்ண அனுமதியே. அற்றுப்போகச் செய்யும் உரிமை அன்று. அர்-ரஹ்மான் அத்தியாயம் நினைவூட்டும் மீஸான் என்னும் சமநிலை கடலடிக்கும் உரியது. வலையிற் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டி வெகுமதி அளித்துவருகிறது. ஒருகாலத்தில் அதனை உணவாகக் கொண்ட கரையில் இன்று அதனை விடுவிக்கும் கைகளும் இருப்பது நாம் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த வேண்டிய மாற்றம். அம்மாற்றம் நிலைபெற, மீனவரின் பிழைப்புக்கு ஊறின்றிப் புல்வெளிகளை இழுவை மடியிலிருந்து காக்கும் வழியைக் கரையோர ஜமாஅத்துகளும் சிந்திக்க வேண்டும்.