பாலாற்றங்கரையிலிருந்து நெப்போலியன்

நெப்போலியனின் எழுச்சி, வீழ்ச்சி பற்றி நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் ஐரோப்பாவில் நின்று சொல்லப்பட்ட கதையாடல். விரிஞ்சிபுரத்தில் உட்கார்ந்து அதை வாசித்தால்? 'அவனுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்' என்பவர்களுக்கு நான் காட்டுவது பக்கத்திலிருக்கும் வேலூர்க் கோட்டையை.

1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் எழுதிய கடிதம் திப்புவின் கைக்கு வரவேயில்லை. வழியில் ஆங்கிலேயரிடம் சிக்கியது. வராத பிரெஞ்சுப் படையைக் காட்டியே கம்பெனி போர் தொடுத்தது. பிப்ரவரியில் வேலூரிலிருந்து ஹாரிஸின் படை கிளம்பியது. மே 4இல் திப்பு வீழ்ந்தார். பிள்ளைகளை அதே வேலூரில் அடைத்தார்கள். கடிதம் எழுதினவரோ அந்த நவம்பரிலேயே பிரான்சின் அதிகாரத்தைப் பிடித்தார், 1804இல் பேரரசர்.

1806 ஜூலை 12இல் ஜெர்மானிய அரசுகள் பல அவருடைய கூட்டமைப்பில் சேரக் கையெழுத்திட்டன. அதற்கு ரெண்டு நாள் முன்னால, ஜூலை 10 விடியுமுன், வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் கட்டுப்பாடு, அதனாலதான்னு கதையை முடித்துவிடுகிறோம். தோலைத் தொட்டுப் பிழைக்கிற இந்தப் பிரதேசத்தில் இருந்துகொண்டு 'தோல் தீட்டு' என்ற விளக்கத்தை அப்படியே விழுங்க என்னால் முடியவில்லை. தொப்பி மட்டுமே பிரச்சினை என்றால் கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது எதற்கு? ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு விசாரணை, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

1815இல் வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டன், சீரங்கப்பட்டணப் போரில் இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லி. நெப்போலியனை அனுப்பிய செயின்ட் ஹெலினா, கம்பெனியின் தீவு. அதே ஆண்டு கண்டியைப் பறிகொடுத்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை மறுவருஷம் கொண்டுவந்து வைத்தது வேலூரில். 1832இல் இறந்த அவருக்குப் பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது.

ஆக, ஒரே கம்பெனி, இரண்டு சிறைகள். ஆனால் தீவுக் கைதி தன் வீழ்ச்சியைத் தானே சொன்னார், கூட இருந்தவர்கள் எழுதினார்கள், வீழ்ச்சியே காவியமாச்சு. வேலூர்ச் சிப்பாயின் பேச்சோ, தண்டிக்க உட்கார்ந்தவன் கேட்ட கேள்விக்குப் பதிலாக விசாரணைக் காகிதத்தில் சிதறிக் கிடக்கிறது. ரெண்டு பேருமே தோற்றவங்கதான். ஒன்றைப் 'பேரரசின் வீழ்ச்சி' என்றும் மற்றதை வெறும் 'கலகம்' என்றும் பிரித்தது, எழுதுகோல் யாரிடம் இருந்தது என்பதுதான்.

நெப்போலியனைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜூலை 12ஐப் படிக்கிறபோது ஜூலை 10ஐயும் சேர்த்துப் படிப்போம்.