விருந்துத் தட்டில் சில வேர்ச்சொற்கள்

மேலைநாட்டு உணவகங்களில் இராவுணவாகப் பரிமாறப்படும் ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். கோதுமையாலான பாஸ்தா, கோழியிறைச்சி, பாலேடு, பாலாடைக்கட்டி, மேலே சிறிது மிளகுத்தூள். சொல்லாராய்ச்சியாளனுக்கு இத்தட்டு ஒரு சிறு நூலகமாகும்.

'டின்னர்' என்னும் பெயரே வியப்பளிப்பது. பழம்பிரெஞ்சின் வழியே இச்சொல்லின் இலத்தீன் மூலத்தை அடைந்தால், அங்கு அதன் பொருள் 'நோன்பு விடுத்தல்'. அன்றைய முதல் உணவைக் குறித்த சொல் மெல்ல நண்பகலுக்கு நகர்ந்து, பின்னர் இரவில் வந்தமர்ந்தது. 'கிரீம்' என்பதிலோ பாலேட்டைக் குறித்த பழைய காலிய மொழிச் சொல்லும், திருமுழுக்கு எண்ணெயைக் குறித்த 'கிரிஸ்மா' என்னும் கிரேக்கச் சொல்லும் கலந்துள்ளன. 'திருநிலைப்படுத்தப்பட்டவர்' எனப் பொருள்படும் 'கிறிஸ்து' என்பதும் அக்கிரேக்க வேரினதே. கோழியைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'போல்லோ'. அதன் மூலமான இலத்தீன் 'புல்லுஸ்' குதிரைக்குட்டிக்கும் பறவைக்குஞ்சுக்கும் பொதுவானது. இளமைப்பெயர்களை ஒன்பதாக வகுத்துரைத்த மரபியலைக் கற்ற நமக்கு இது சற்றே சிக்கனமாகத் தோன்றலாம்.

பாஸ்தாவுக்கு வருவோம். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இதனைக் கொணர்ந்தார் என்னும் கதை இன்றும் வழங்குகிறது. அவர் வெனிசு திரும்பியது 1295இல். அல்-இத்ரீசி என்னும் அரபுப் புவியியலறிஞரோ, சிசிலித் தீவின் திராபியாவில் 'இத்ரியா' எனும் மாவிழைகள் செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றுமதியானதை 1154ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார். பாலேடும் கோழியும் சேர்ந்த இன்றைய வடிவம் அமெரிக்காவில் உருவானதாகும். உரோமையில் ஆல்பிரெடோ தி லெலியோ தம் பெயரால் புகழ்பெறச் செய்த உணவில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமே இருந்தன.

'பாஸ்தா' என்றதும் நம்முள் பலருக்குப் 'பசை' நினைவுக்கு வரும். ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆயினும் அது வேராராய்ச்சியன்று. இலத்தீன் 'பாஸ்தா' கிரேக்கத்திலிருந்து பெற்றது. அங்கே அது வாற்கோதுமைக் கூழைக் குறித்து, 'தூவுதல்' என்னும் வினையடியில் பிறந்தது. நம் 'பசை'க்கோ ஈரம், பற்று எனத் தமிழுக்குள்ளேயே விரிந்த பொருள்வரலாறு உண்டு. கவிஞர் இவ்விரண்டையும் உவமையில் இணைக்கலாம். ஆராய்ச்சியாளர் வேரில் இணைத்தலாகாது. கால்டுவெல் போன்ற பேரறிஞரே 1856இல் கிரேக்க 'ஓருசா'வை 'அரிசி'யென்று கண்டார். பின்வந்தோர் பலர் அச்சொல்லுக்கு ஈரானிய மொழிவழியைக் காட்டுகின்றனர்.

அப்படியாயின் இத்தட்டில் நம்முடையது யாது? மிளகு. அதில் ஐயமில்லை. யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு முசிறியின்மேல் வைத்துரைக்கிறது. எகிப்தின் செங்கடற்கரைப் பெரெனிகேயில், கோயிலொன்றில் புதைந்திருந்த இந்தியத் தாழியிலிருந்து ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட கருமிளகை அகழாய்வாளர் எடுத்தனர்.

ஆனால் பொருள் சென்ற கலத்தில் பெயர் ஏறவில்லை! கிரேக்கரின் 'பெப்பெரி', உரோமரின் 'பிப்பெர்', ஆங்கிலரின் 'பெப்பர்' யாவும் 'பிப்பலி' என்னும் வடசொல்லின் வழிவந்தவை. பிப்பலியோ மிளகன்று, திப்பிலி. வடஇந்தியத் திப்பிலியை முன்னரே அறிந்திருந்த மேலையோர், பின்வந்த சேரநாட்டு மிளகையும் அப்பெயராலேயே அழைத்தனர். 'மிளகு' என்னும் சொல் இங்கேயே தங்கிவிட்டது. தொமிசியன் ஆட்சியில் உரோமை நகரின் நடுவே நறுமணப்பொருட் கிடங்குகள் எழுந்தன. அவற்றின் பெயர் 'ஓரெயா பிப்பெரத்தாரியா'. கிடங்கில் குவிந்தது நம் மலைகளின் விளைபொருள். வாயிலில் வழங்கியது திப்பிலியின் பெயர்.