ஒரே இடத்தில் தேயும் டயர்

போன மாதம் அக்கா மகன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். 14 வயது. "மாமா, இந்த முன் பிரேக்க கழட்டிக் குடுங்க. பசங்க எல்லாம் சிரிக்கிறானுங்க" என்றான்.

அது ஃபிக்ஸி. பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைக்க முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் பெடலை எதிர்த்து அழுத்தலாம், அல்லது உடம்பை முன்னால் சாய்த்துக் கால்களை இறுக்கிப் பின் சக்கரத்தையே பூட்டிச் சறுக்கலாம். அந்தச் சறுக்கலுக்காகத்தான் பையன்கள் இதை வாங்குகிறார்கள். தார் ரோட்டில் 'சர்ர்ர்' என்று கறுப்புக் கோடு விழும்போது கிடைக்கும் பெருமை எனக்கும் தெரியும்.

நான் பிரேக்கைப் பார்க்கவில்லை. குனிந்து பின் டயரைச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் புதிதுபோல இருந்தது. முன் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 16. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 2012-இல் நான்காம் படிவம் படித்தபோது நான் ஓட்டியதும் அதே 48-க்கு 16தான்.

அந்த வருடம் எங்கள் லூபோக் சீனாவில் நான்கைந்து பேரிடம் ஃபிக்ஸி இருந்தது. கோலாலம்பூரில் தொடங்கிய மோகம் மஸ்ஜித் தானா வழியாக எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. நியூயார்க்கில் கடிதப் பை சுமந்து ஓடிய சைக்கிள் தூதர்களிடமிருந்து அது கிளம்பியது என்பதெல்லாம் அப்போது தெரியாது. பிரேக் இல்லாமல் ஓட்டுபவன் பெரிய ஆள், அவ்வளவுதான். ஒரு மாலை, செம்பனைத் தோட்டத்து இறக்கத்தில் லாரி ஒன்று எதிரே திரும்பியது. சறுக்கினேன். தேய்ந்த அந்த ஓர் இடத்தில் டயர் வெடித்தது. கால்வாயில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் தாத்தா என்னைத் திட்டவில்லை. அவர் நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவர். டயரைக் கையில் எடுத்து அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்துலகூட ஒரே எடத்துல வெட்ட மாட்டோம்டா. நீ டயர்ல வெட்டியிருக்க."

அது வெறும் வசவு இல்லை என்பது மலாக்காவில் பொறியியல் படிக்கப் போன பிறகுதான் புரிந்தது. கணக்கு இதுதான். சறுக்கும்போது கால்கள் எப்போதும் ஒரே நிலையில்தான் பூட்டும்: ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், கிராங்க் தரைக்குக் கிடையாக. 48-ஐ 16-ஆல் வகுத்தால் 3. அதாவது பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரம் மிகச் சரியாக மூன்று முறை சுற்றும். ஆகவே எப்போது பூட்டினாலும் டயரின் அதே இடம்தான் தரையில் வந்து உட்காரும். பின்னத்தைச் சுருக்கியபின் கீழே நிற்கும் எண்தான் டயரில் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48/16 என்பது 3/1, ஆக ஒரே இடம். 44/16 என்பது 11/4, ஆக நான்கு இடம். 46/17-ஐச் சுருக்கவே முடியாது, ஆக பதினேழு இடம். வலது, இடது என்று இரண்டு காலையும் மாற்றி முன்வைத்துச் சறுக்கத் தெரிந்தவனுக்கு, மேலே நிற்கும் எண் ஒற்றைப்படையாக இருந்தால் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும். 47-க்கு 17 போட்டால் 34 இடம். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ டயரின் ஆயுளே மாறிவிடுகிறது.

தாத்தா சொன்ன மரம் வெட்டும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது சைக்கிளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஆரம்பத்தில் சைக்கிள் எல்லாமே ஃபிக்ஸிதான். 1860களில் பிரான்சில் ஓடிய வண்டிகளில் பெடல் முன் சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. ஆளுயரச் சக்கர வண்டிகள் அப்படித்தான் வந்தன. இன்றும் கியரை அங்குலத்தில் சொல்பவர்கள் உண்டு. அது அந்தப் பெரிய சக்கரத்தின் விட்டத்தைச் சொல்லும் பழக்கத்தின் மிச்சம். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி செயினைக் கொண்டுவந்ததும், சிறிய சக்கரத்திலேயே பல் எண்ணிக்கையை மாற்றி வேகத்தைத் தீர்மானிக்க முடிந்தது. ஃப்ரீவீலும், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் 1890களின் இறுதியில்தான் பரவலாயின. காலால் நிறுத்துவது போதாது என்று அனுபவப்பட்டவர்கள்தான் பிரேக்கைத் தேடினார்கள்.

இடையில் 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். சைக்கிள் உலகமே ரப்பருக்கு அலைந்தது. அந்தப் பசி நம் பக்கம் வந்து சேர்ந்த பாதை இன்னும் விசித்திரமானது. 1876-இல் விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பழைய வெட்டின் விளிம்பில் மெல்லிய சீவல் மட்டும் எடுக்க வேண்டும். பட்டை வளர்ந்து ஆற இடமும் காலமும் விட வேண்டும். ரப்பர் நடச் சொல்லி எல்லாரையும் நச்சரித்ததால் தோட்டக்காரர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். அவர் பேச்சைக் கேட்டு 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டவர் தான் சாய் யான். புக்கிட் லிந்தாங் இருப்பது எங்கள் மலாக்காவில்.

பிறகு நடந்தது எங்கள் குடும்பக் கதை. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. தாத்தாவின் அப்பா அப்படி வந்தவர். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம், மங்கு, பால் வாளி. ரிட்லி என்ற பெயர் தாத்தாவுக்குத் தெரியாது. ஆனால் ரிட்லியின் விதி அவர் மணிக்கட்டில் இருந்தது. ஆழமாக வெட்டிக் கட்டையைக் காயப்படுத்தினால் கிராணியிடம் ஏச்சு, கூலியில் பிடித்தம். ஆறவிட்டு வெட்டு, இடம் மாற்றி வெட்டு. 46-க்கு 17 சொல்வதும் அதைத்தான்.

அதே சாலைகளில் 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை சைக்கிளில் தெற்கே இறங்கியது. வெயிலிலும் ஓட்டத்திலும் டயர்கள் போனபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இருட்டில் அந்த இரும்புச் சத்தத்தை டாங்கி என்று எதிரிகள் நினைத்ததாக யுத்தக் குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், சக்கரத்தில் ரப்பர் இல்லை.

சரி, 46-க்கு 17 மாற்றிவிட்டால் பிரேக்கைக் கழற்றலாமா? அக்கா மகன் கேட்டதும் அதைத்தான். "அப்ப கியர மாத்திக் குடுங்க, பிரேக் வேணாம்லா."

இங்கேதான் எல்லாரும் ஏமாறும் இடம். எந்தப் பல் போட்டால் டயர் எங்கே தேயும் என்பது ஒரு கணக்கு. வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பது வேறு கணக்கு. 60 கிலோ ஆள் தன் முழு எடையையும் பெடல்மேல் எதிர்த்துப் போட்டால், 17 சென்டிமீட்டர் கிராங்கும் மூன்று மடங்கு கியரும் உள்ள வண்டியில், டயர் தரையைப் பிடித்து இழுக்கும் விசை சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். இரண்டு மடங்கு கியர் என்றால் 15 கிலோ. ஆகவே கியர் சிறிதாக இருந்தால் நிறுத்துவது சுலபம். ஆனால் அதற்கு விலை உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டரில் மூன்று மடங்கு கியரில் கால் நிமிடத்துக்கு 80 முறை சுற்றும், இரண்டு மடங்கில் 120 முறை. அந்தச் சுற்றில் காலைப் பூட்டவே சிரமம்.

சறுக்குகிறவன் ஏன் முன்னால் சாய்கிறான்? பின் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைக்கத்தான். பாரம் குறைந்தால்தான் அந்தச் சின்ன விசை சக்கரத்தைப் பூட்டும். பாரம் குறைந்தால் பிடிப்பும் குறையும். சத்தமும் கோடும் கிடைக்கும், நிற்பது மட்டும் தள்ளிப்போகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல முன் பிரேக் சுமார் 7 மீட்டரில் நிறுத்தும். 10 கிலோ விசையில் சறுக்கினால் 20 மீட்டரைத் தாண்டும். பெடல் வாரில் காலைக் கட்டி, ஒரு காலால் மிதித்து மறுகாலால் இழுத்தால் கொஞ்சம் குறையும். சாயங்கால மழை பெய்த ரோட்டில் அதுவும் போய்விடும்.

"அசிசுல்ஹஸ்னி பிரேக் இல்லாமதான ஓட்றாரு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. திரங்கானுவின் டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலமும், 2017-இல் கெய்ரினில் உலகப் பட்டமும் வென்றவர். அந்த வண்டியில் பிரேக் இல்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத நீலாய் வெலோட்ரோமில் எதிரே லாரி வராது, மாடு வராது. எல்லாரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் விழுவார்கள் என்பதற்காகவே அங்கே பிரேக் இல்லை. ரோட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. பிரிட்டிஷ் சட்டம்கூட ஃபிக்ஸியின் பின் சக்கரத்தை மன்னிக்கிறது, முன் பிரேக் இல்லாததை மன்னிப்பதில்லை. 2016-இல் லண்டனில் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞனுக்கு மறு வருடம் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

நம் நாட்டில் பிரேக் இல்லாத சைக்கிள் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஜொகூர் பாரு. 2017 பிப்ரவரி 18 அதிகாலை, பாசிக்கால் லாஜாக் ஓட்டிய பிள்ளைகள்மேல் கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அவை ஃபிக்ஸி அல்ல. ஆனால் பிரேக்கைக் கழற்றுவதுதான் அங்கேயும் முதல் வேலை. கார் ஓட்டிய பெண்மீதான வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விடுதலையோடு முடிந்தது. யார் குற்றம் என்று நாடே ஆறு வருடம் சண்டை போட்டது. இறந்த பிள்ளைகளின் வயது 13-இலிருந்து 16. அக்கா மகனைப் பார்க்கும்போது அந்த எண்கள்தான் எனக்குள் ஓடின.

ஆனாலும் அவனிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2012-இல் என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். பின் பல்சக்கரத்தைக் கழற்றி 17 போட்டோம், முன்னால் 46. டயரைப் புதிதாக மாற்றினோம். முன் பிரேக்கின் கட்டையையும் கேபிளையும் மாற்றி, அவனையே முடுக்கச் சொன்னேன். பிறகு வீட்டுக்கு எதிரே உள்ள ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஒரே வேகத்தில் வந்து ஒரு முறை சறுக்கி நில், ஒரு முறை பிரேக் பிடித்து நில் என்றேன். பிரேக்குக்கு மட்டும் உடம்பைப் பின்னால் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொன்னேன்.

நாலு முறை ஓட்டினான். சறுக்கல் ஒவ்வொரு முறையும் பிரேக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் தள்ளிப்போய் நின்றது. அடி அடியாக வைத்துத் தானே அளந்தான். எதுவும் பேசவில்லை. டயரைத் திருப்பி, புதிதாக விழுந்த தேய்மானம் நாலு வெவ்வேறு இடத்தில் இருப்பதைப் பார்த்து மட்டும் சிரித்தான்.

"பிரேக் இருக்கட்டும் மாமா" என்றான் கிளம்பும்போது. "ஆனா பசங்க முன்னாடி ஸ்கிட் அடிப்பேன்."

அடிக்கட்டும். தாத்தாவின் பால் வெட்டுக் கத்தி இன்னும் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் செருகிக் கிடக்கிறது. அடுத்த முறை வரும்போது அதை அவன் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்ட வேண்டும்.